சவுக்குக் காட்டில் நீ தோண்டிய ஊற்று

இன்று காலை பள்ளிக்கூடத்துக் கொல்லையில் உன் பெயரால் வெட்டிய கிணற்றைத் திறந்துவைத்தார்கள். முதல் வாளி மேலே வந்ததும் தலைமையாசிரியர் அதில் ஒரு தம்ளர் மொண்டு, "ஆருயிர் நண்பர் முதலில் அருந்தட்டும்" என்று என் கையில் கொடுத்தார். ஆருயிர் நண்பர் என்பது நான்தான். ஒரு வாய் குடித்தேன். உப்பு. நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக் கிள்ளுகிற உப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கடலோரச் சவுக்குக் காட்டில், காக்கி அரைக்கால் சட்டையோடு நின்றுகொண்டு நீயும் நானும் குடித்தோமே, அதே உப்பு.

கூட்டம் என் முகத்தையே பார்த்தது. உன் சம்சாரம் முன்வரிசை நாற்காலியிலிருந்து பார்த்தாள். விழுங்கினேன். விழுங்கிவிட்டு என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னோடு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நீ உயிரோடு இருந்தவரைக்கும் உன்னிடம் பேச யாருக்கு இடம் கிடைத்தது? இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

உன்னைப் பற்றி மேடையில் ஏழு பேர் பேசினார்கள். ஒருவர் உன்னை இயற்கையின் காதலர் என்றார். கம்பளிப்பூச்சி ஒன்று சட்டையில் ஏறியதற்காக மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றி ஓடிவந்த காதலர். இன்னொருவர் நீ அதிகம் பேசாதவன் என்றார். அவர் இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர், பாவம், மன்னித்துவிடு. எங்கெங்கோ சுற்றிவிட்டு எல்லோரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: உப்புக் கடலின் ஓரத்தில் பன்னிரண்டு அடி தோண்டி, நல்ல தண்ணீர் கண்டு, அறுபது பேரின் தாகத்தைத் தீர்த்தாயாம். மனிதன் நிலாவில் கால் வைத்துவிட்டு வந்த இந்த வருஷத்திலும் வாரத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வருகிற திண்டுக்கல்லில் இப்படி ஒரு கதைக்குக் கைதட்டல் வராமல் போகுமா? பெண்கள் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம்கூடக் கேட்டது. நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு அதிகமாகவே தட்டினேன். அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான் அல்லவா? ஆக்கியோனுக்கு அந்த உரிமை உண்டு.

நயா பைசா வந்த புதுசு அது. நீ நம் பள்ளியில் டிரில் மாஸ்டராக ஆறு வருஷம் ஓட்டியிருந்தாய், ஆறும் தற்காலிகம். தலைமையாசிரியர் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சாரணர் ஆசிரியர் முகாமுக்குப் போயி, தேறினேன்னு கடுதாசியோட வாங்க. ஜூன்லேருந்து நிரந்தரம். இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்." உன் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள், நாலாவது வழியில். ஆக, அந்த ஒரு கடுதாசியில் ஆறு பேரின் சோறு இருந்தது. முகாமுக்குப் பள்ளிக்கு இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆளாகப் பூகோள வாத்தியாராகிய நான் கை தூக்கினேன். சாரணர் இயக்கத்தின் மேல் இருந்த பற்றினால் அல்ல. அந்த வாரம் என் மாமியார் வருவதாக இருந்தது.

ரயிலில் நீ ஏறிய கோலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு தகரப் பெட்டி, இலவம்பஞ்சுத் தலையணை, ஒரு பெரிய பித்தளைக் கூஜா. காட்டில் கூடாரம் அடித்துக் கடுமையாக வாழப் பழகுவதற்குப் போகிறவன் தலையணையைக் கட்டி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கூஜா நிறைய வீட்டுத் தண்ணீர். மானாமதுரை வருவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கேட்டேன். கூஜாவின் மூடியைத் திருகித் திறந்து, அந்த மூடியில் பாதி ஊற்றிக் கொடுத்தாய்.

"ஏலே, இது என்ன, சாமி தீர்த்தமா?"

"அப்பு, நாம போற எடம் கடக்கரை. அங்க பூராவும் உப்பு. ஏழு நாளைக்கும் இதை வச்சுத்தான் ஓட்டணும். தண்ணியப் பத்தித் திண்டுக்கல்காரன்கிட்டக் கேளு."

இதுதான் உன் மந்திரம். தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்ததையே தண்ணீரைப் பற்றிப் படித்து வாங்கிய பட்டமாக நினைத்துக்கொண்ட ஒரே மனிதன் நீ. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்த்த பார்வையில், தெரியாத ஊர்த் தண்ணீரை நம்பக் கூடாது என்கிற எச்சரிக்கை இருந்தது.

பஸ் நம்மை இறக்கிவிட்ட இடத்திலிருந்து முக்கால் மைல் மணலில் நடை. பிறகு சவுக்குக் காடு. வனத்துறை வரிசை வரிசையாக நட்டு வளர்த்த மரங்கள். காற்று நின்றாலும் இரைச்சல் நிற்காத மரங்கள். கீழே அரை அடிக்கு உதிர்ந்த சவுக்கு ஊசி, மெத்தை மாதிரி. மரங்கள் முடிகிற இடத்தில் கடல். நான் பூகோளம் சொல்லிக் கொடுப்பவன், ஆனால் அதுவரை கடலைச் சுவரில் மாட்டிய படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நீ சிலுவை போட்டுக்கொண்டு செத்த நேரம் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "இம்புட்டுத் தண்ணி. ஒரு குடத்துக்கு ஆகாது." உலகத்தில் கடலைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்த முதல் மனிதன் நீயாகத்தான் இருக்க வேண்டும்.

பல ஊர்களிலிருந்து அறுபது வாத்தியார்கள் வந்திருந்தார்கள். அறுபது பேருக்கும் காக்கி அரைக்கால் சட்டை. சம்சாரத்தைத் தவிர யாரும் பார்த்திராத நூற்றிருபது முழங்கால்கள் ஒரே இடத்தில் வெளிச்சத்துக்கு வந்தன. சவுக்கு ஊசி குத்தாத கால் இல்லை. தமிழ் ஐயா ஒருவர் கடைசிவரை அரைக்கால் சட்டைக்கு மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டே அணிவகுத்தார். முகாம் தலைவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். மீசை பெரிது, பொறுமை சிறிது. அவர் கற்றுக்கொடுத்த முடிச்சுகளில் நீ போட்டவற்றை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. நான் போட்டவை தாமாகவே அவிழ்ந்தன. நம் கூடாரம் முதல் நாள் இரண்டு தடவை நம் மேலேயே விழுந்தது. இரண்டாவது தடவை உள்ளேயிருந்து உன் குரல் வந்தது: "பூகோளம், காத்து எந்தத் திசைன்னு நீதானே சொன்ன?"

சோற்றில் மணல். குழம்பில் மணல். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று தனியாக ஒன்றும் இல்லை, மணலே வெஞ்சனம்.

இரண்டாம் நாள் காலை முகாம் தலைவர் வேலைகளைப் பிரித்தார். விறகு, சமையல், காவல். "தண்ணீர் யார் பொறுப்பு?" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, உன் கை மேலே போய்விட்டது. "திண்டுக்கல் பாத்துக்கும் சார்!" எல்லோரும் சிரித்தார்கள். நீ அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டாய். எதையும் வாழ்த்தாக எடுத்துக்கொள்கிற அந்தத் தோல் உனக்கு எங்கிருந்து கிடைத்ததோ, நம்ம ஊர்த் தோல் மண்டியிலேகூட அவ்வளவு தடித்த சரக்கு வந்ததில்லை.

முகாமின் தண்ணீர் ஒரு அதிசயம். சவுக்கு மரங்களுக்கு நடுவே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் ஒரு பள்ளம். முழங்கை ஆழம்தான். அதில் ஊறியது நல்ல தண்ணீர், இளநீருக்குத் தங்கை. ஆனால் மெல்லத்தான் ஊறும். கொட்டாங்குச்சியால் மேலாகக் கோரி எடுத்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். நாலு கொட்டாங்குச்சி எடுத்தால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைய அரைமணி. அறுபது வாத்தியார்கள் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? அறுபது பேரும் யோசனை சொல்வார்கள்.

"என்னப்பா திண்டுக்கல், மருந்து மாதிரி அளந்து ஊத்துறீங்க?"

"உங்க ஊருல குளிக்கிறதும் இப்படித்தானா?"

உனக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாய். கோடை வந்து கிணறு வற்றினால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? ஆழப்படுத்துவோம். கூடத் தண்ணீர் வேண்டுமா, கூடத் தோண்டு. நம்மூரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். நீ இடுப்பளவு போனாய். நெஞ்சளவு போனாய். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உழைப்பு டிரிலுக்கு, மேற்பார்வை பூகோளத்துக்கு. திடீரென்று குபுகுபுவென்று தண்ணீர் பொங்கி உன் முழங்கால்வரை ஏறியது. அறுபது பேரும் கத்தினார்கள். நீ பள்ளத்துக்குள் நின்றபடியே எல்லோருக்கும் சல்யூட் அடித்தாய். அன்று எட்டு அண்டா நிறைந்தது. தமிழ் ஐயா உன்னைப் பகீரதன் என்றார். நீ ரகசியமாக என்னிடம், "பகீரதன் எந்த ஊரு?" என்று கேட்டாய்.

மறுநாள் காலைக் காப்பியில் பால் திரிந்தது. சமையல்காரர் பாலைத் திட்டினார். மத்தியானம் சோறு கரித்தது. தமிழ் ஐயா சமையல்காரரைத் திட்டினார். சாயங்காலம் முகாம் தலைவர் நேராக ஊற்றுக்கு வந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். மீசை முழுவதும் வழியத் துப்பினார். நாமும் குடித்தோம். அப்போதுதான் அந்த உப்பு என் நாக்கில் ஏறியது. இன்று காலைவரை அது இறங்கியிருந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கருவாட்டுக் கூடையோடு ஒரு கிழவி வந்தாள், பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து. பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"யாருய்யா இதத் தோண்டுனது? மேலாக் கெடக்குறது மழ பேஞ்ச தண்ணி. அது கடத் தண்ணி மேல மெதந்துக்கிட்டு இருக்கு. மெல்லக் கோரிக் குடிச்சா வருசம் பூராக் குடிக்கலாம். நீங்க கீழ போயி கடலையில்ல தொறந்து விட்டிருக்கீக!"

"இப்ப என்ன பண்றது ஆத்தா?" என்று கேட்டேன்.

"மூடுங்க. மண்ணப் போட்டு மூடிட்டுப் பேசாம இருங்க. கொஞ்ச நாள்ல மேத்தண்ணி திரும்பிரும்." போகும்போது நம் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள்: "படிச்சவுகளா?"

மீதி மூன்று நாளும் மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துக் குப்பத்திலிருந்து தண்ணீர் வந்தது. உன் கூஜாத் தண்ணீர் இரண்டாம் நாளே தீர்ந்துபோயிருந்தது. தலையணை கடல் தண்ணீரில் நனைந்துபோனபோது உப்புப் போக அதைக் கழுவுவதற்குச் செலவழித்தாய் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. முகாம் தலைவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "இது யார் யோசனை?" என்றார். நீ ஒரு அடி முன்னால் வந்து, குதிகாலைச் சேர்த்து, "நான்தான் சார்" என்றாய். நான் அந்தச் சமயம் மரத்து உச்சியில் ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கொடுத்த கடுதாசியில் 'தேறினார்' என்று எழுதவில்லை. 'கலந்துகொண்டார்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு, மண்வெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கு, 'தேறினார்'.

திரும்பி வருகிற ரயிலில் நீ பேசவில்லை. அதுவரை நான் உன்னைப் பேசாமல் பார்த்ததில்லை; பார்க்க நன்றாகவே இல்லை. காலிக் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாய். திண்டுக்கல் மலை ஜன்னலில் தெரிந்தபோது மட்டும், "பூகோளம், அவகிட்ட எப்படிடா சொல்லுவேன்?" என்றாய்.

மறுநாள் உனக்கு முன்னால் நான் தலைமையாசிரியர் அறைக்குள் போனேன். வாய் என்னுடையது; அது எப்போதும் எனக்கு முன்னால் போகும். "சார், அந்த முகாம் தலைவருக்கு இவன்மேல பொறாமை. உப்புக் கடலோரத்துல, யாருமே தொட யோசிச்ச எடத்துல, இவன் ஆழமாத் தோண்டி நல்ல தண்ணி கொண்டு வந்துட்டான். அறுபது பேரும் இவனைத் தூக்கி வச்சு ஆடுறாங்க. தலைவர் மொகத்துல ஈயாடல. அந்தக் கோவத்துல 'கலந்துகொண்டார்'னு எழுதிட்டாரு" என்றேன். அன்று காலை தலைமையாசிரியர் வீட்டில் குழாய் வரவில்லை என்பது என் அதிர்ஷ்டம். மேஜையைத் தட்டினார். "தண்ணி கண்டுபிடிச்ச மனுசனையா நான் வெளிய அனுப்புவேன்? கடுதாசி கெடக்கு!" ஜூனில் நீ நிரந்தரம்.

சரி, அத்தோடு விட்டாயா? என் பொய்யை எடுத்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தாய். நான் சொன்னது 'ஆழமாக' என்றுதான். நீ அதை நாலு அடி ஆக்கினாய். மூன்று பொங்கலுக்கு இரண்டடி வீதம் கூடிற்று. வாத்தியார்கள் ஓய்வறையில் அதை என்னிடமே சொல்வாய். "அப்ப நீ கூடாரத்துல தூங்கிக்கிட்டு இருந்த பூகோளம், உனக்குத் தெரியாது" என்பாய். நான் உட்கார்ந்து கேட்பேன். எனக்குள் ஒரு அருவருப்பு கிளம்பும். பாவப்பட்டவன் என்று ஒரு பழைய சட்டையைக் கொடுத்தால், அதைப் போட்டுக்கொண்டு வந்து நம்மிடமே விலை பேசுகிறானே என்று. உன்னை நான் மதிப்பதை நிறுத்தியது அப்போதுதான். பன்னிரண்டு வருஷம் உன்னோடு காப்பி குடித்தேன், உன் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்றேன், உன் பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறைக்கும் வந்தேன். அத்தனையும் மனசுக்குள் ஒரு இளிப்போடுதான்.

நீ போன பிறகு உன் பெயரில் கிணறு வெட்டக் கமிட்டி போட்டார்கள். என்னையும் சேர்த்தார்கள். முப்பதடியில் ஊற்று கண்டது. நல்ல தண்ணீர். கிணறு வெட்டுகிறவர் மேலே வந்து, "இது மேலூத்து சார், அருமையான ஊத்து. இதோட நிறுத்திக்கங்க. கீழ போனா சவருதான், உப்புக் கரிக்கும்" என்றார். தலைமையாசிரியர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கடக்கரையிலயே பன்னெண்டடி தோண்டி நல்ல தண்ணி எடுத்தவரு பேருல வெட்டுற கெணறுய்யா இது. பாதியில நிறுத்துனா அவருக்கு அடுக்குமா? வெட்டு இன்னும் பத்தடி!" உன் சம்சாரம் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். எனக்கு முன்னால் போகிற வாய், வேண்டிய ஒரு நாளில் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. பத்தடி இறங்கியது. சவரு வந்தது. திறப்பு விழாவுக்கு முன்னால் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது தலைமையாசிரியர் உத்தரவு.

இனி தம்ளருக்கு வருகிறேன். விழுங்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இனிப்பா இருக்கு!" என்றேன். கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு உன் சம்சாரம் வந்தாள். என் கையிலிருந்த தம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். முகம் மாறவில்லை.

"அந்தச் சவுக்குக் காட்டுத் தண்ணியும் இப்படித்தான் இருந்துச்சா அண்ணே?"

"எந்தத் தண்ணிம்மா?"

"அவுக முகாம்லேருந்து வந்த அன்னிக்கே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாக."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான். உங்க புஸ்தகத்துல போட்டிருந்ததாச் சொன்னீகளாமே, அதையும்."

இந்தக் கடிதத்தில் நான் எழுதாமல் தாண்டிவந்த ஒன்று இருக்கிறது. அன்று மண்வெட்டியை எடுத்தவுடனே நீ தோண்டவில்லை. என்னிடம் கேட்டாய்: "பூகோளம், கீழ போனா உப்பு வருமோ?" நான், கடலைச் சுவரில் மட்டும் பார்த்தவன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மணல் வடிகட்டும். ஆழம் போகப் போகத் தண்ணி சுத்தமாகும். பாடத்திலேயே இருக்கு, தோண்டு" என்றேன். எந்தப் பாடத்திலும் இல்லை. 'இது யார் யோசனை?' என்று அவர் கேட்டபோது நான் பார்த்த அந்த மரத்தில் காக்கையும் இல்லை.

"தெரிஞ்சும் ஏம்மா அந்தக் கதைய ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்?" என்றேன்.

"நானும் கேட்டேன். 'அவன் எனக்காகப் போயி ஒரு பொய்யச் சொல்லிட்டான். நான் அதச் சொல்லாம இருந்தா அவன் பொய்யனாப் போயிருவான்'னாக."

"கெணத்தடியில நின்னியேம்மா, நீயாவது தடுத்திருக்கலாமே?"

"நீங்க பேசுவீகன்னு பாத்தேன். நீங்க பேசல. அவுக காப்பாத்துன பேர நான் எப்படிண்ணே கெடுக்கிறது?"

அட மடையனே! என் பெயரைக் காப்பாற்றினாயா? இந்த ஊரில் நான் பொய்யன் இல்லை என்று நம்பிய ஒரே ஆள் நீயாகத்தான் இருந்திருப்பாய். பன்னிரண்டு வருஷம் நான் உன்னைப் பார்த்து மனசுக்குள் இளித்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கு எதிரே உட்கார்ந்து, எனக்காக, அடி அடியாக ஆழம் கூட்டிக்கொண்டிருந்தாய். உன்னை இகழ இனி எனக்கு என்ன மிச்சம் வைத்தாய்? அந்தத் தலையணை ஒன்றுதான். அதை விட மாட்டேன்.

சாயங்காலம் கிணறு வெட்டினவரைத் தேடிப் போனேன். "அந்தப் பத்தடிய அடச்சா மேலூத்து திரும்புமா?" என்றேன். "களிமண்ணப் போட்டு இறுக்குனா திரும்பும் சார். ஆனா அடைக்கச் சொல்லி யாரு சொல்றது? ஹெட்மாஸ்டர் ஐயா கேப்பாரே, ஏன்னு?" என்றார்.

நான்தான் சொல்ல வேண்டும். நாளைக் காலை தலைமையாசிரியர் அறைக்குப் போகிறேன். முதல் வாக்கியத்தை எழுதி, நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்: 'சார், அன்னிக்குத் தோண்டினது அவன். தோண்டச் சொன்னது நான்.' அவர் மேஜையைத் தட்டினால் தட்டட்டும்.

அந்தக் கருவாட்டுக் கிழவி பார்த்துச் சிரித்த ஊற்றில் கோரிய கொட்டாங்குச்சி ஒன்றை நான் அப்போதே பையில் போட்டுக்கொண்டு வந்தேன், உன்னைக் கேலி செய்வதற்காக. கேலி செய்ய நேரம் வாய்க்கவில்லை. இத்தனை வருஷமும் என் மேஜையில் துண்டுச் சாக்பீஸ் போட்டு வைக்க உதவிற்று. இப்போது சாக்பீஸைக் கொட்டிவிட்டு அதைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். மேலூற்று திரும்பினால் முதல் தண்ணீரை அதில்தான் கோரிக் குடிப்பேன். இனித்தால் இனிக்கிறது என்பேன். கரித்தால் கரிக்கிறது என்பேன். தண்ணீரைப் பற்றித் திண்டுக்கல்காரனிடம் கேட்கிறவர்களுக்கு இனி என்னிடம் அவ்வளவுதான் கிடைக்கும்.